தோசைக்கல்லுக்குக் கேட்காத கார்

ஒரு முடிவும் எடுக்காமலேயே முதலாளி ஆன மனிதர் ராஜபாளையத்தில் பேண்டேஜ் அண்ணாச்சி ஒருவர்தான். அவருக்கு முன்னாலும் கிடையாது, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற ஃபேக்டரி அவருக்கு. உலகத்தில் எவனுக்குக் கால் முறிந்தாலும் அண்ணாச்சி வீட்டில் ஒரு சுவர் எழும்பும் என்று தெருவில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் காலையில் இடது செருப்பை முதலில் மாட்டுவதா, வலதை மாட்டுவதா என்று வாசலில் நின்று யோசிப்பதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க என்னையும் கூட்டிப்போனார். ஒரு கடையில் ருசி பார்த்தார். எதிர்க்கடையில் ருசி பார்த்தார். முதல் கடை ருசி மறந்துபோச்சு என்று திரும்ப அங்கேயே போனார். இப்படியே நடந்துகொண்டிருந்ததில் கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, "அண்ணாச்சி, நீங்க வாங்கவே வேண்டாம். உக்காந்து சாப்பிட்டுட்டே போங்க" என்றார். கடைசியில் வீட்டுக்கு வாங்கிவந்தது ஒரு பாக்கெட் முறுக்கு.

அவர் தீர்மானமாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அவருக்குத் தோசை வேண்டும். கல்லிலிருந்து நேரே தட்டில் விழ வேண்டும். செத்த நேரம் காத்திருந்த தோசையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இதற்கு அவர் மனைவி ஒரு வழி வைத்திருந்தார். அவரை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணாச்சியிடம் அந்தக் காலத்து டீசல் ஜீப் ஒன்று இருந்தது. அது தெருமுனையில் திரும்பும்போது டகடகவென்று நடுங்கி, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது ஒரு இருமல் இருமும். இருமல் கேட்டதும் மதினி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவார். ஜீப்பை நிறுத்தி, கைகால் கழுவி, அண்ணாச்சி உட்காரவும் முதல் தோசை தட்டில் விழவும் சரியாக இருக்கும். கல்யாணமான புதிதிலிருந்து இதுதான் ஏற்பாடு. மதினி அவருக்குப் போன் போட்டு "எங்க இருக்கீக" என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் ஆளுயர டயர் வைத்த பெரிய சொகுசுக் காரில் வந்து இறங்கினார். அதன் பக்கத்தில் நம் ஜீப் நோஞ்சான் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. அதே மாதத்தில் ஜீப்புக்கு, ரோட்டில் ஓடலாம் என்று கொடுக்கிற எஃப்.சி. இந்த வருஷத்தோடு சரி என்றும் சொல்லிவிட்டார்கள். அது முடிந்தால் ஜீப் பழைய இரும்புக்குப் போகவேண்டியதுதான். அண்ணாச்சி என்னிடம், "தம்பி, சம்பந்தி வண்டியைவிட ஒரு சாண் உசரமா வாங்கணும்" என்றார். உயரத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. டீசலா, எலெக்ட்ரிக்கா என்பதில்தான் மாட்டிக்கொண்டார்.

கேட்காத ஆள் கிடையாது. முடிவெட்டுகிறவரிடம் கேட்டார். ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம், ஊசி கையில் இருக்கும்போதே கேட்டார். கோயிலில் பூ கட்டிப் போட்டுப் பார்த்தார். வந்த பூ எலெக்ட்ரிக்கைச் சொன்னது, உடனே சாமிக்குக் கார் விஷயம் தெரியுமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. டீக்கடையில் இரண்டு கட்சியே உண்டாகிவிட்டது. டீசல் கட்சியில் சொந்தமாக சைக்கிள்கூட இல்லாதவர்கள் அதிகம். எலெக்ட்ரிக் கட்சியின் தலைவர் வீட்டில் கரண்ட் பில் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கியிருந்தார்கள்.

அண்ணாச்சியின் சொந்த யோசனைகள் வேறு தினுசு. "டீசல் வண்டின்னா பங்க்ல நிப்பாட்டுவோம். நாலு பேரு பாப்பான். கரண்ட் வண்டியைப் பூட்டுன வீட்டுக்குள்ள வச்சு சார்ஜ் போட்டா எவன் பாப்பான்?" என்பார். செத்த நேரத்தில் அவரே, "அதுக்காகப் புகையை விட்டுக்கிட்டே போகமுடியுமா? மருந்துக் கட்டு விக்கிறவன் மனுஷனுக்கு இருமல் குடுக்கலாமா?" என்பார். ஊர் இருமினால் அவருக்கு வியாபாரம் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மதுரை ஷோரூம்காரர்கள் இரண்டு வண்டிகளையும் வீட்டுக்கே அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் டீசலை எடுத்துக்கொண்டு பிளவக்கல் அணை வரை போனோம். ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று ஷோரூம் மேனேஜர் விளக்கிக்கொண்டே வந்தார். வத்திராயிருப்பு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் எழுந்து நின்றார்கள் என்பதை மட்டும் அண்ணாச்சி கவனித்தார்.

எலெக்ட்ரிக்கை எடுத்துக்கொண்டு தேவதானம் பக்கம் போனோம். ரோட்டில் ஒரு ஆட்டு மந்தை படுத்திருந்தது. ஜீப்பாக இருந்தால் அரை மைல் தூரத்திலேயே சிதறி ஓடியிருக்கும். இந்த வண்டி சத்தமில்லாமல் பக்கத்தில் போய் நின்றும் ஒரு ஆடுகூட அசைபோடுவதை நிறுத்தவில்லை. ஆடு மேய்க்கிறவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். காது வைத்துக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி அமந்துபோச்சா?"

"இல்லப்பா, ஓடிக்கிட்டுத்தான்..." என்று அண்ணாச்சி ஆரம்பிப்பதற்குள் அவர் வயக்காட்டைப் பார்த்துக் கை தட்டிவிட்டார். "ஏலே, வாங்கலே. பெரிய வண்டி நின்னுபோச்சு, ஒரு கை குடுங்க."

நாலு பேர் ஓடிவந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் தள்ள ஆரம்பித்தார்கள். தள்ள வேண்டாம் என்று சொல்வதா, இவ்வளவு ஆசையாகத் தள்ளுகிறவர்களின் மனசை நோகடிப்பதா என்று அண்ணாச்சியால் தீர்மானிக்க முடியவில்லை. லேசாக மிதித்தார். வண்டி போயிற்று. "ஸ்டார்ட் ஆயிருச்சுலே" என்று பின்னால் சந்தோஷக் குரல் கேட்டது. அந்தக் கார் தாங்கள் தள்ளியதில்தான் இன்றைக்கும் ஓடுகிறது என்று அந்த ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது.

இரண்டு வண்டியும் ஆளுக்கொரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தன. இரண்டு நாளும் அண்ணாச்சி கைகால் கழுவி உட்கார்ந்து வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அப்போதுதான் பதறிப்போய்க் கல்லை ஏற்றினார். இரண்டாவது நாள் தோசை வருவதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "பசி போச்சு" என்று அவர் சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது. பல மாதமாக எந்த வண்டி என்று தவித்தவருக்கு, அசல் தவிப்பு எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் மேனேஜர் இரண்டு வண்டிகளின் விவரப் புத்தகங்களோடு வந்து உட்கார்ந்தார். நானும் இருந்தேன். அண்ணாச்சி முதல்முறையாக மதினியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்தா, நீ சொல்லு. எந்த வண்டி?"

மதினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "டீசல் வண்டி சத்தம் கேட்டுச்சு. ஆனா எந்த வீட்டுக்கு வாரதுன்னு தெரியலை, தெருவுல எல்லா வண்டியும் அப்படித்தான் போவுது. கரண்ட் வண்டி கேக்கவே இல்லை. ரெண்டுலயும் நீங்க வாரது எனக்குத் தெரியப்போறதில்லை. பொறவு எதுக்குப் புகை? புகை இல்லாததையே வாங்குங்க."

மேனேஜர் இழுவை, மைலேஜ் என்று படித்ததெல்லாம் வீண். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை.

ஜீப் பழைய இரும்புக்குப் போயிற்று, கார் வந்தது. சம்பந்தி வண்டியைவிட ஒரு சாண் உயரம்தான். முதல் நாள் சாயங்காலம் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் அந்த வெள்ளை மலை சத்தமில்லாமல் திரும்பியது. கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து அண்ணாச்சியின் தலை வெளியே வந்தது. வாயைக் குவித்து, "டகடகடகடக... டுர்ர்ர்ர்" என்று முழங்கினார். பிறகு கியர் இறக்குகிற இடத்தில் ஒரு இருமல் இருமினார். அடுப்படியில் கல் ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

தெருவே சிரித்தது. அவருக்குக் கவலை இல்லை. மறுநாள் நான் மெதுவாகக் கேட்டேன். "அண்ணாச்சி, எம்புட்டு விலை குடுத்து வாங்கியிருக்கீங்க. ஒரு போன் போட்டுச் சொன்னாப் போதாதா?"

"போன் போட்டா நான் வாரேன்னுதான் அவளுக்குத் தெரியும் தம்பி. வந்துட்டேன்னு தெரியாது" என்றார். அவர் இவ்வளவு தீர்மானமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஃபேக்டரிக்குப் போக வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? சாயங்காலம் கார் முனையில் திரும்பி நின்றது. கண்ணாடி இறங்கியது, தலை வந்தது, வாய் குவிந்தது, காற்றுதான் வந்தது. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். கையைக் கூப்பாத குறை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை பார்க்கிற கௌரவத்தையெல்லாம் மறந்து, "டகடகடகடக... டுர்ர்ர்" என்றேன். கல் ஏறியது.

மறுநாள் காலையில் மதினி ஒரு தூக்குவாளியில் சட்னியும் மேலே நாலு தோசையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நேத்து நீங்கதான கத்துனீக?"

"தெரிஞ்சுபோச்சா மதினி?"

"அவிய கியர் மாத்துறப்ப ஒரு இருமல் இருமுவாக. அதை விட்டுட்டீக. சரி, அவியளுக்கு ஏதோ முடியலை, தம்பிதான் சொல்லுதாருன்னு கல்லைப் போட்டேன்."

இப்போது வேலை வசதிக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிவந்துவிட்டேன். நல்ல தெரு. எல்லா வீட்டிலும் காலிங்பெல் இருக்கிறது, எல்லா வாசலிலும் சத்தமில்லாத கார் நிற்கிறது. ஆனாலும் சாயங்காலம் வீட்டு முனையில் திரும்பும்போது ஸ்கூட்டரை மெதுவாக்கி, யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு ஒருமுறை இருமிக்கொள்கிறேன். அண்ணாச்சி அளவுக்கு எனக்கு இன்னும் வரவில்லை.