மேஜைவிரிப்பு போன வழி

சாப்பிடுவதற்கு மனிதனுக்கு ஒரு கை போதும். இன்னொரு கை அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானம் என் இடது கை சும்மா இருந்ததால் வந்தது. சரியாகச் சொன்னால், சும்மா இருக்காததால் வந்தது.

அறுபதுகளின் நடுவில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, பிசிர் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசிர் என்றால் துணியில் தொங்கும் நூல் நுனி. அதைக் கத்திரியால் வெட்ட வேண்டுமே தவிர, இழுக்கக் கூடாது. வேட்டி சேலை போல நெய்த துணி அல்ல இது, பின்னிய துணி. வசமான நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டே வரும். கடைசியில் துணி இருந்த இடத்தில் நூல்தான் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே, "வெட்டோணும், இழுக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். (அப்போது குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வேன். அந்த வயதில் என்னிடம் கனமாக இருந்தது அது ஒன்றுதான்.)

எனக்குப் பெண் தேடும் பொறுப்பு என் அக்கா ராமாத்தாளிடம் இருந்தது. அவள் பாடு பெரும்பாடு. எங்களுக்குக் காடு தோட்டம் என்று சொல்ல நிலம் கிடையாது. பையன் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று சொன்னதும் பெண் வீட்டார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பனியன் எல்லாம் ஒரு தொழிலா, எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அவர்கள் சந்தேகம்.

காங்கேயத்துச் சம்பந்தம் மட்டும்தான் அறுந்துவிடாமல் நின்றது. பெண்ணின் அப்பா அங்கே தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தார். பெண்ணின் பெயர் சரசு. அவளை ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன். பந்தியில் பாயச வாளியோடு வந்தவள், என் இலையை மட்டும் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டாள். பாயசம் போனதில் வருத்தமில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேறு எந்தப் பெண்ணும் பிடிக்காமல் போயிற்று. இதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் தலைகுனிவு. அதனால் எங்கேயாவது தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது போல ஏற்பாடு செய்வார்கள். பிடிக்காவிட்டால் ஆளுக்கொரு திசையில் நடையைக் கட்டலாம். அப்போது திருப்பூரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். வானத்தைத் தொடும் ராட்டினம், மோட்டார் சைக்கிள் சுற்றும் மரணக் கிணறு, முறம் அளவு அப்பளம் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு சின்ன ஓட்டல். வெளியே நின்றுகொண்டு தின்கிற கடைகளுக்கு மத்தியில், உட்கார்ந்து சாப்பிட மேஜை நாற்காலி போட்டு, மேஜைக்கு விரிப்பும் விரித்திருந்த ஒரே இடம் அதுதான். அங்கே தற்செயலாகச் சந்திப்பது என்று ஒரு மாதம் முன்பே முடிவாகியிருந்தது.

போகும் வழியெல்லாம் அக்கா எனக்குப் புத்தி சொன்னாள்.

"வாயத் தொறந்தீன்னா உங்க கம்பெனி புராணந்தான் வரும். கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போட்டுச் சும்மா உக்காந்திரு கண்ணு."

கையைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் முன்னமே வந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா பெரிய ராட்டினத்தில் ஏறியே தீருவேன் என்று மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாராம். ஆக, மேஜையில் நாலு பேர். எனக்கு எதிரே சரசு, அவள் பக்கத்தில் அப்பா, என் பக்கத்தில் அக்கா. தோசை சொன்னோம். ஓட்டலின் ஒரு பக்கம் தடுப்பே இல்லை. வெளியே சின்னக் குழந்தைகளுக்கான மரக்குதிரை ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கை கழுவும் தொட்டி.

மேஜைமேல் கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது பனியன் துணி. மிஷினிலிருந்து குழாய் மாதிரி இறங்கும் துணியை, பிளக்காமல் அப்படியே இரட்டையாக விரித்திருந்தார்கள். தடித்த நூல், லேசான பின்னல். எங்கள் கம்பெனியில் கழித்துப் போட்ட ரோல். கழித்தவனே நான்தான். வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது.

சரசுவின் அப்பா விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மாட்டைப் பிடித்துப் பார்த்துப் பழகிய கை.

"ஏனுங்க தம்பி, இந்தப் பனியன் துணியெல்லாம் நிக்குமுங்களா?"

கேள்வி துணியைப் பற்றியது அல்ல என்று எனக்கே புரிந்தது. அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மிதித்தால் நிற்கிற ஆளா நான்?

"இது எங்க கம்பெனி துணிதானுங்க மாமா. பத்து வருசம் போட்டு அடிச்சாலும் ஒரு நூல் பிரியாதுங்க."

கழித்துப் போட்ட துணி என்பதை அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை. அவர், "அப்படீங்களா" என்றார். அது ஒப்புக்கொண்டதா இல்லையா என்று தெரியவில்லை. கொங்கு நாட்டில் மரியாதையை வைத்து ஒருவர் மனசைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பதற்றத்தில்தான் என் இடது கை மடிமேல் தொங்கிய விரிப்பின் ஓரத்துக்குப் போனது. ஓரம் அடிக்காத துணி. ஒரு பிசிர் தட்டுப்பட்டது. கையில் கத்திரி இல்லை. இழுத்தேன்.

வந்தது.

எத்தனை பேருக்கு நான் உபதேசம் செய்திருக்கிறேன்? ஆனால் நூல் சரசரவென்று இறங்கி வருகிற அந்தச் சுகம், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மனசு அப்படியே லேசாகிறது. அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார், நான் பதில் சொன்னேன், நூல் வந்தது. தோசை வந்தது, வலது கை சாப்பிட்டது, இடது கை தன் வேலையைப் பார்த்தது. சேர்ந்த நூலை வேட்டி மடியில் சொருகிக்கொண்டே இருந்தேன். இடையில் தட்டு லேசாக நடுங்கியபோது ராட்டினத்தின் அதிர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

சரசு குனிந்த தலை நிமிரவே இல்லை. என்ன அடக்கம் என்று பூரித்துப்போனேன். (அவள் பார்த்துக்கொண்டிருந்தது விரிப்பின் ஓரத்தை. அது என் பக்கத்திலிருந்து தன்னை நோக்கி மெல்ல நகர்ந்து வருவதை, ஆற்றில் தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.) என் தட்டு வெறும் பலகைமேல் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. அக்காவும் சாம்பாரில் குறியாக இருந்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தேன். மடியில் நூல் இருப்பதோ, அதன் மறுமுனை இன்னும் மேஜையில் இருப்பதோ நினைவில்லை. பேச்சு நன்றாகப் போயிற்று, சம்பந்தம் கூடிவிடும் என்ற தெம்பு. மரக்குதிரைகளைச் சுற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனேன். பின்னால் என்னோடு ஒரு நூலும் நடந்து வந்தது.

ஒரு குதிரையின் காது அதைப் பிடித்துக்கொண்டது.

அந்த ராட்டினத்தை ஓர் ஆள் கையால் தள்ளிச் சுற்றுவார். அவருக்கு அன்று நல்ல உற்சாகம். ஒவ்வொரு சுற்றுக்கும் குதிரைகள் நூலை வாங்கிச் சுற்றிக்கொண்டன. மேஜையில் விரிப்பு, எங்கள் கம்பெனியின் எந்த மிஷினும் அதுவரை காட்டாத வேகத்தில் பிரிய ஆரம்பித்தது. என் மடியிலிருந்ததும் உருவிக்கொண்டு போனது. வேட்டியில் ஏதோ ஊர்கிறதே என்று ஈரக் கையால் தடவியபடி நான் திரும்பி வந்தேன்.

சரசுவின் அப்பா கொஞ்சமும் பதறவில்லை. வெற்றிலை போடப்போகிறவர் போலச் சாவகாசமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, குதிரை ஒண்ணு நம்ம விரிப்ப எடுத்துட்டுப் போகுதாட்ட இருக்குதுங்க."

பார்த்தேன். நாலு தட்டும் நாலு டம்ளரும் ஒன்றுகூடச் சாயாமல் வெறும் பலகைமேல் நின்றன. சரசுவின் டம்ளருக்கு அடியில் மட்டும் கைக்குட்டை அளவு துணி இருந்தது. அவள் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். வெளியே குதிரைகளும், மேலே உட்கார்ந்திருந்த குழந்தைகளும் வெள்ளை நூலுக்குள் இருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. மற்றவை இதுவும் காட்சியில் சேர்ந்ததுதான் என்று கை தட்டின. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஓட்டல்காரர் ஓடி வந்தார். மேஜையைப் பார்த்தார், ராட்டினத்தைப் பார்த்தார். யார்மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எந்தக் கம்பெனிக்காரன் துணீங்க இது? இப்படியா பிரிஞ்சு போகும்?"

சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆண்பிள்ளையாக, என் கம்பெனி துணி, நான்தான் இழுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியலீங்களே" என்றேன்.

அப்போது சரசுவின் அப்பாதான் பேசினார். குரலில் கிண்டல் துளியும் இல்லை.

"தம்பி கம்பெனி துணிதானுங்க. பத்து வருசம் நிக்குமுங்க."

சரசு சிரித்துவிட்டாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், தலையைத் தூக்கி, என் முகத்தைப் பார்த்தே சிரித்தாள். அவள் முகத்தை முழுசாக நான் பார்த்தது அப்போதுதான். இவ்வளவு அழகான பெண்ணை ஒரு பிசிருக்காக இழந்துவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது.

ஓட்டல்காரருக்கு ஓரம் அடித்த புது விரிப்புகள் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, ராட்டினக்காரரோடு உட்கார்ந்து குதிரைகளின் கழுத்தில் சுற்றிய நூலைப் பிரித்தேன். வெட்டித்தான் எடுத்தேன், இழுக்கவில்லை. அவர்கள் ஒரு திசையில் போனார்கள், நாங்கள் ஒரு திசையில் போனோம்.

காங்கேயத்திலிருந்து தகவலே இல்லை. கம்பெனியில் பிசிரைப் பார்த்தாலே பனியனைக் கத்திரியோடு பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன். பிறகு ஒரு நாள் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். பெண்ணின் அப்பா வேண்டாம் என்றுதான் இருந்தாராம். சரசுதான் பிடிவாதமாக நின்றிருக்கிறாள். "கையச் சும்மா வெச்சிருக்கத் தெரியாத ஆளுங்கப்பா. காடு இல்லாட்டியும் பொழச்சுக்குவாரு" என்றாளாம். என்னை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை.

அப்பா சம்மதித்தார். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்கு வேண்டிய துணிமணி முழுவதையும் அவர்களே எடுத்துவிடுவார்களாம், மாப்பிள்ளை வீட்டார் சிரமப்பட வேண்டாமாம்.

கல்யாணமான பிறகு சரசுவிடம் கேட்டேன், ஆரம்பத்திலேயே பார்த்தாயே, ஒரு கண் ஜாடை காட்டியிருக்கக் கூடாதா என்று. "எதுவரைக்கும் போறீங்கன்னு பாத்தேனுங்க" என்றாள். அன்றிலிருந்து விரிப்பு போட்ட எந்த மேஜையில் உட்கார்ந்தாலும், தண்ணீர் வைப்பதற்கு முன்னால் அவள் சொல்லும் முதல் வார்த்தை, "கைய மேல வைங்க."

இது எங்கள் பையனுக்குப் பெண் பார்த்த அன்றும் நடந்தது. கோயமுத்தூரில் பெரிய ஓட்டல், வெள்ளை விரிப்பு, எதிரே பெண் வீட்டார். உட்கார்ந்ததும் சரசு வழக்கம்போல மெதுவாகச் சொன்னாள். நான் இரண்டு கையையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். பழக்கத்தில் என் பையனும் வைத்தான். அக்காவும் வைத்தாள். பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்தார், பிறகு பயபக்தியோடு தன் இரண்டு கையையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் மனைவியும் வைத்தார், பெண்ணும் வைத்தாள். தோசை வரும்வரை அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அது எங்கள் குடும்ப வழக்கம் என்றே சம்பந்தி வீட்டில் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் பேரனின் காதுகுத்து விருந்திலும், நாங்கள் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் கையை மேலே வைத்துவிட்டார்கள்.