டிலீட் அம்மிணியும் சாமி ஃபோல்டரும்

தான் கட்டியதைத் தன் கையாலேயே இடித்துவிட்டுப் பல்லைக் காட்டிச் சிரிக்கக்கூடிய ஆள் நாமக்கல் ஜில்லாவிலேயே ஒருவர்தான். டிலீட் அம்மிணி. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

பரமத்தி ரோட்டில் கோழித் தீவனக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். எந்த லாரி எந்தப் பண்ணையில் முட்டை ஏற்ற வேண்டும் என்று சொல்கிற புரோகிராமை அம்மிணி பைத்தான் என்ற மொழியில் எழுதினார். நான் ஐந்தாவது வரை படித்தவன். பெருக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் என் வேலை. யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

அவர் வந்த முதல் வாரமே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"என்னங்க அம்மிணி?" என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

"ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்ப்யூட்டருக்குள்ள தனி ரூம் கட்டறனுங்கண்ணா. வேண்டிய சாமானெல்லாம் அந்த ரூமுக்குள்ளயே இறக்கோணும். இப்ப ஒரு சாமானுக்கும் இன்னொண்ணுக்கும் சண்டை" என்றவர், டிலீட் பொத்தானைத் தட்டினார். ரூமே காணோம்! என் கையிலிருந்த குடம் நழுவியது.

"பதறாதீங்க. சாமான் லிஸ்ட் இருக்குதுல்ல? நெட்டுல இருந்து மறுபடி இறக்கிக்கலாம்."

எல்லா நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான். எதை இறக்கும் முன்பும், "நான் இப்ப எந்த ரூமுல நிக்கறேன்?" என்று உரக்கக் கேட்டுக்கொள்வார். ஒருமுறை முதலாளி கத்திக்கொண்டே வந்தார். "ஏனுங்க, நீங்க எந்த ரூமுல நிக்கறீங்க?" என்றார் அம்மிணி. முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று வந்தது வினை. பதினோரு மணிக்கு மோகனூர்ப் பண்ணைக்காரர் ஒருவர் புரோகிராமைப் பார்க்க வருகிறார். பத்தரைக்கு அது ஓடவில்லை.

"அவரு முன்னாடி ஓடலீன்னா நாளைக்கு நீ வர வேண்டாமம்மிணி" என்றார் முதலாளி.

அம்மிணி திரையை உற்றுப் பார்த்தார். "ரூமுக்குள்ள நிக்கறேன்னு திரையில பேர்ப்பலகையாட்டம் ஒரு வரி சொல்லுது. பார்த்தா ஒரு சாமானும் இல்லீங்க. என்னைய வெளியதான் நிக்க வச்சிருக்குது!"

விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது. ரோடு தோண்டியதில் காலையிலிருந்து நெட் இல்லை. அழித்தால் திரும்ப இறக்க வழியில்லை. பதற்றத்தில் அவர் அதை மறந்துவிட்டார்.

"அம்மிணி, கைய எடுங்க!"

என் குரலை ஆபீஸ் அன்றுதான் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். சொன்னேன்: "பூஜையன்னிக்கு முதலாளி உங்க ரூம் இருக்கற ஃபோல்டரத் தூக்கிச் சாமி ஃபோல்டருக்குள்ள வச்சாருங்க. பழைய இடத்துல ஷார்ட்கட்டுன்னு என்னமோ வச்சாரு. நான் பக்கத்துல சந்தனம் வச்சுக்கிட்டு நின்னனுங்க."

முதலாளி முறைத்தார். "குலசாமி படத்துக்குப் பக்கத்துல இருந்தா ஆகி வரும்னு வச்சேன். அதுல என்ன தப்பு?"

"ரூம் கட்டறப்பவே அந்த இடத்து விலாசம் உள்ள பதிஞ்சிருமுங்க. தூக்கிட்டுப் போனா வாசப்படி தெரியாது" என்றபடி அம்மிணி ஃபோல்டரை வெளியே இழுத்துப் பழைய இடத்திலேயே போட்டார்.

"சாமிகிட்ட வச்சத எடுக்கறதா!" முதலாளி அலறினார்.

"சாமி எங்க வச்சாலும் கண்டுபிடிச்சுக்குமுங்க. பைத்தான் கண்டுபிடிக்காதுங்க."

மோகனூர்க்காரர் படியேறி வந்தபோது, திரையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. முதலாளி அன்று முழுக்க என் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் காலை கீழே அம்மிணியின் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் படியேறி வரும்வரை, பெருக்கி முடித்த இடத்தையே நான் இன்னொரு தடவை பெருக்கினேன்.