மச்சான் அனுப்பிய மூன்று காதுகள்

பென்னாகரம்,
1974

சிங்கப்பூரிலிருக்கும் மேன்மைமிகு மச்சான் முகம்மது கவுஸ் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை டைலர் அப்துல் ஷுக்கூர் அநேக சலாத்துடன் எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே காது தவிர யாவும் நலம். தங்கள் இரு காதுகளின் நலமறிய ஆவல்.

ரேடியோவோடு மூன்று ஹெட்போன் அனுப்பி, எந்தப் பாட்டுக்கு எது பொருத்தம் என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றைக் காதில் செருகும் குமிழ் சினிமாப் பாட்டுக்கு நல்லது, மற்றக் காது கிராக்கிக்கு என்று கடையில் மாட்டிக்கொண்டேன். பாட்டு முடிந்து செய்தி வந்ததை யார் கவனித்தது? வெங்கடாசலம் வாத்தியாருக்கு இடுப்பு அளவெடுக்கும்போது மேட்டூர் அணை நீர்மட்டம் ஐம்பத்திரண்டு அடி என்றார்கள், என் கை ஐம்பத்திரண்டு என்றே எழுதிவிட்டது. வாத்தியார் இடுப்பு முப்பது. அந்தக் கால்சட்டையில் அவரோடு அவர் சம்சாரமும் நிற்கலாம். நல்லவேளை, அன்றைக்கு அணை நிரம்பவில்லை.

இரண்டாவது, டாக்டர் குழாய் போல மோவாய்க்குக் கீழே தொங்குவது. நாதஸ்வரத்துக்கு அருமை. அதை மாட்டிக்கொண்டு ஒகேனக்கல் பஸ்ஸில் உட்கார்ந்தேன், பக்கத்தில் குள்ளம்மாள் என்றொரு அம்மா மணிக்கட்டை நீட்டி, "முட்டி வலி தாங்கலீங்க டாக்டரே" என்றார். நான் தையல்காரன் என்று சொன்னதும், "அப்ப ஆப்பரேசன் டாக்டருங்களா" என்று பயந்துபோய் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாவதுதான் குடியைக் கெடுத்தது. தேங்காய்மூடி இரண்டைக் கவிழ்த்த மாதிரி இருக்குமே, அதேதான். கவாலிக்கு அதை அடிக்க ஆளில்லை. பக்ரீத் மறுநாள் மகள் ஷகிலாதான் எடுத்துவந்து என் தலையில் மாட்டினாள். நானும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருக்க, நசீம் பானு தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறார். மகன் நூர் பாஷா இங்கே கரண்டு ஆபீஸில் வேலை, தங்கமான பையன் என்று ஊரே சொல்கிறது, எனக்கென்ன தெரியும். "ஷகிலாவை எங்க வூட்டுக்குத் தர்றீங்களாங்க" என்று அவர் கேட்க, நான் கவாலிக்கு ஆட்ட, அவர் மறுபடி கேட்க, நான் மறுபடி ஆட்ட, மூன்றாந்தரமும் அப்படியே ஆக, உங்கள் தங்கை வஹிதா ஓடிவந்து ஹெட்போனைப் பிடுங்குவதற்குள் என் வாயில் சர்க்கரை. கூடவந்த பள்ளிவாசல் முத்தவல்லி, "தகப்பன் மூணு தரம் தலையாட்டியாச்சு, நிக்காஹ்லயே மூணு தரந்தான் கேப்பாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனித்ததைத் துப்ப முடியுமா மச்சான்?

உங்கள் மகன் ரஷீதுக்குத்தான் ஷகிலா என்று நீங்களும் வஹிதாவும் பேசி வைத்தது எனக்கு மறக்குமா? வஹிதா என்னோடு பேசுவதில்லை. சோற்றுத் தட்டு மட்டும் என் முன்னால் வந்து டங்கென்று விழுகிறது. ஷகிலா அழுதுகொண்டே இருப்பாள் என்று நினைத்தேன், பாவம், பாடிக்கொண்டே இருக்கிறாள். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஹெட்போன் செய்த வேலை. என்மேல் குற்றமில்லை என்று தங்கைக்கு நீங்கள் ஒரு வரி எழுதவேண்டும்.

மச்சிக்கு சலாம். ரஷீதுக்கு நல்ல இடமாக அமைய எப்போதும் துஆச் செய்யும்,
அப்துல் ஷுக்கூர்.

பி.கு.: அடுத்த பார்சலில் ரேடியோவுக்கு செல் அனுப்பவும். பக்ரீதுக்கு இரண்டு மாதம் முந்தியே, ரம்ஜான் பிறை பார்த்த அன்றே தீர்ந்துபோனது, நம்மூர் செல் அதில் சேரவில்லை. அன்றுமுதல் மூன்று ஹெட்போனிலும் ஒரு சத்தமும் இல்லை.