மாமனார் வேனுக்கு நான் ஊற்றிய பயோடீசல்

மாமனார்கள் மாப்பிள்ளைகளிடம் இல்லையென்று சொல்லக் கூச்சப்படுவதால்தான் பல குடும்பங்கள் நடுரோட்டில் நிற்கின்றன. எங்கள் குடும்பம் நின்றது திருமழிசைக்குச் சற்று முன்னால், உச்சி வெயிலில்.

அப்போது எனக்கு பயோடீசல் பித்து முற்றியிருந்தது. எங்கள் கள்ளிக்குப்பத்து பஜ்ஜிக் கடைகளில் மிஞ்சிய எண்ணெயையும் கறிக்கடைக் கொழுப்பையும் மொட்டைமாடியில் ஒரு டிரம்மில் உருக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து டீசலாக்கிக்கொண்டிருந்தேன். (நான் சாராயம் காய்ச்சுவதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. அதைக் காய்ச்சியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும்.)

வளைகாப்பு முடிந்ததும் என் மனைவி செல்வியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக மாமனாரும் மாமியாரும் தங்கள் பழைய டீசல் வேனில் வந்திருந்தார்கள். மாமனாருக்கு இலையில் பாயசம் விழும் நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மாமா, வண்டிக்கு நம்ம எண்ணெயையே ஊத்தட்டுமா? டேங்க்கும் சுத்தமாயிடும்."

அவர் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கோ படிச்சவரு. ஊத்துங்கோ மாப்ளே" என்றார்.

வழியெல்லாம் புகையில் பஜ்ஜி மணத்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லியைத் தாண்டியதும் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. பயோடீசல் டேங்க்கைச் சுத்தம் செய்திருந்தது. பல வருட அழுக்கைச் சுரண்டி எடுத்து, அத்தனையையும் ஃபில்டரில் கொண்டுபோய் அடைத்திருந்தது. நான் சொன்ன வாக்கு தவறவில்லை.

ஏதாவது வண்டி பிடித்துத் திரும்பிப் போகலாம் என்றேன். வளைகாப்பு முடிந்து புறப்பட்டவள் பாதியில் திரும்பக் கூடாது என்றார் மாமியார். அந்த நேரத்தில்தான் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ இழுத்துப் பிடிக்குதுங்க" என்றாள்.

சீர்த் தட்டை எடுத்து அவளுக்கு விசிறினேன். எந்த வண்டியும் நிற்கவில்லை. மாமனார் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். "வெய்யில்ல நிக்காதீங்கோ மாப்ளே, உள்ள குந்துங்கோ" என்றுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருவழியாக ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் மோந்து பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, ரோட்லயே பஜ்ஜி சுட்டுகினு கீறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெயிலும் அலைச்சலும்தான் காரணம், தாயும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்று டாக்டர் சொல்லும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை. வீடு திரும்பியதும் செல்வி கேட்காமலே டிரம்மைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். மாமனார் வேறு வண்டி வாங்கிவிட்டார். குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, டீசல் போடுகிறவரிடம் அதே பணிவோடு சொல்வார்:

"கொஞ்சம் இருப்பா. மொதல்ல எங்க மாப்ளே எறங்கி அந்தாண்ட போயிடட்டும்."

நானும் இறங்கிப் போய்விடுகிறேன். எல்லோருக்கும் முந்திச் சிரிப்பது என் மகள்தான்.