வள்ளத்துப் பெயின்ட்

இனிமேல் இந்த வீட்டுக்குள் சுண்ணாம்பு வாளி நுழையக் கூடாது என்று நைனா முகம்மது தீர்மானித்தபோது, அவர் கையில் ஒரு கட்டில் கால் இருந்தது. மற்ற மூன்று கால்களும் கட்டிலோடு சேர்ந்து முற்றத்துச் சேற்றில் கிடந்தன.

வருஷா வருஷம் இதே அக்கிரமம். மட்டாஞ்சேரியில் மழை பெய்தால் சுவர் கறுக்கும். வெயில் அடித்தால் கறுத்தது உரியும். உரிந்த இடத்தைப் பார்த்ததும் மனைவி பத்ருன்னிசாவுக்கு சித்திரை வெயிலோடு வருகிற மேடமாசத்து வெள்ளையடிப்பு நினைவு வந்துவிடும். கக்காச் சிப்பிச் சுண்ணாம்பை நீற்றிப் பானையில் ஊறப்போட்டு, வெள்ளையடிக்கிற ஆளையும் கூப்பிட்டுவிடுவாள். பிறகு மூன்று நாளைக்கு அலமாரி கிணற்றடியில், கட்டில் முற்றத்தில், சாயாவில் சுண்ணாம்பு, சோற்றில் சுண்ணாம்பு. கடைத்தெருவில் ஒரு பிடி மிளகை முகர்ந்தே அது எந்த மலையில் காய்த்தது என்று சொல்கிற மனிதர், சொந்த வீட்டில் கட்டில் சுமக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

அவர் கட்டில் காலை அங்கேயே போட்டுவிட்டு நேரே படகுத் துறைக்குப் போனார். கோபம் வந்தால் அங்கே போய் நிற்பது வழக்கம். அன்று அங்கே ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு இளநீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரிகிற பளபளப்பு. நைனா முகம்மதுவின் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடக்கிற வள்ளத்துக்கே இது தாங்குகிறது. தம் வீட்டுச் சுவர் என்ன, கடலுக்குள்ளேயா நிற்கிறது?

ஒரு மணி நேரத்தில் நாலு டின்னோடு வீடு திரும்பினார். வெள்ளையடிக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார்.

"என்னங்க இது?" என்றாள் பத்ருன்னிசா.

"வள்ளத்துப் பெயின்ட். முன்னறைக்கும் வராந்தாச் சுவருக்கும். இனி உன் சுண்ணாம்புக்கு இந்த வீட்டில வேலையில்ல."

"வள்ளம் மரமுங்க. கரையில ஏத்திக் காயவச்சு அடிப்பாங்க. நம்ம சுவரு வருஷம் பூரா தண்ணி குடிச்சிட்டு நிக்குது. சுண்ணாம்புன்னா மூச்சு விடும். இது மூக்கைப் பொத்திரும்."

"சுவருக்கு மூக்கு வேறயா? பின்னே சளி பிடிச்சா கசாயம் போட்டுக் குடு!"

அவள் சண்டைக்கு வரவில்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"சரி. மழை ஓய்ஞ்சு சிங்க மாசம் பிறக்கும்போது பாலக்காட்டிலிருந்து எங்கண்ணன் வருவாரு. அதுவரைக்கும் பெயின்ட் நின்னா, நான் சாகிற வரைக்கும் சுண்ணாம்புங்கிற பேச்சையே எடுக்கல. நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா, ஆளே வேண்டாம். வருஷா வருஷம் நானே என் கையால வெள்ளையடிக்கிறேன்! போதுமா?"

"மதி, போதும்" என்றாள் பத்ருன்னிசா. அன்றைக்கே அண்ணன் சிகாபுதீனுக்கு ஒரு கார்டும் எழுதிப் போட்டுவிட்டாள். வார்த்தை மாற முடியாமல் போயிற்று.

மேடமாசம் முழுக்க நைனா முகம்மதுவின் ராஜ்யம். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சுவரில் முகம் பார்க்கச் சொன்னார். அடுத்த மாசம் பாதியில் இடவப்பாதி மழை இறங்கியது. பத்தாம் நாள் காலையில், வராந்தாச் சுவரில், பொரித்த பப்படம் அளவுக்கு ஒரு கொப்புளம்.

விரலால் அமுக்கினார். அது உடைந்து, ஒரு வாய்த் தண்ணீரை அவர் சட்டைக் கைக்குள் துப்பியது. அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரிடம் கோபிப்பது? மழையிடமா? டின் விற்றவனிடமா? இருபது வருஷமாகத் தம் வீட்டில் நின்றுகொண்டு தமக்கே துரோகம் செய்கிற சுவரிடமா? கடைசியில் ஒரு காலண்டரைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டினார்.

மறுநாள் முன்னறையில் இரண்டு கொப்புளங்கள். ஒன்றின்மேல் கண்ணாடி, இன்னொன்றின்மேல் கடிகாரம். கொப்புளம் இருந்த இடம் முழங்கால் உயரம்.

"என்னங்க, இனி மணி பார்க்கணும்னா தரையில உக்காரணுமா?"

"எறணாகுளத்துல இப்ப எல்லா வீட்லயும் இப்படித்தான். உனக்கு என்ன தெரியும்!"

"ஓ" என்றாள் அவள். "பெயின்ட் என்னமோ நல்லாத்தான் நிக்குது."

அந்த வாரமே அவருக்கு ஒரு நல்ல காலமும் பிறந்தது. பத்ருன்னிசாவின் தங்கை லதீஃபாவுக்கு இடுப்பு வலியாம். தினமும் மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். சோறு மூடி வைத்திருக்கும்.

"தாராளமாப் போ. கூடப்பிறந்தவளாச்சே" என்றார் நைனா முகம்மது. அவர் குரலில் அப்படியொரு பாசம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

கடையிலிருந்து சாப்பிட வருவார். சோற்றை விழுங்கிவிட்டுக் கொப்புளத்தைச் சுரண்டுவார். கொல்லையில் மேடமாசம் ஊறப்போட்ட சுண்ணாம்புப் பானை அப்படியே இருந்தது. துணிக்குப் போடும் நீலத்தை அதில் கொஞ்சம் கரைத்தால் அச்சு அசல் வள்ளத்து நிறம். இரண்டு கோட் அடித்தால் கொப்புளம் இருந்த சுவடே தெரியாது.

ஆனால் பெயின்ட்டுக்கு வெட்கமே இல்லை. ஒரு இடத்தைச் சுரண்டினால் பக்கத்து இடம் உப்பியது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த அன்றைக்கு, அவர் கண்ணெதிரே ஒரு முழ அகலத்துக்குச் சுருண்டு கீழே விழுந்தது. கர்க்கடக மாசம் முடிவதற்குள் அவர் இரண்டு சுவர்களையும் கூரை முதல் தரை வரைக்கும் சுரண்டி, கூரை முதல் தரை வரைக்கும் அடித்திருந்தார். முதுகு கூனிவிட்டது. உள்ளங்கை வெந்துவிட்டது. கடையில் மிளகை முகர்ந்தால் சுண்ணாம்பு மணந்தது. ஒருமுறைகூட அந்தப் பானை வற்றவில்லை. நீலப் பொட்டலமும் தீரவில்லை. அல்லா கொடுத்த பரக்கத் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டு அம்மிணி மட்டும் ஒருநாள் வேலிமேல் தலையை நீட்டிவிட்டாள்.

"இக்கா, எந்தா அங்கே பணி?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. பல்லி. துரத்தறேன்."

"பிரஷ் வச்சிட்டோ?"

"நம்ம வீட்டுப் பல்லி பிரஷுக்குத்தான் பயப்படும்."

அம்மிணி சிரித்தாளா இருமினாளா என்று தெரியவில்லை. தலை மட்டும் வேலிக்குப் பின்னால் இறங்கிப்போயிற்று.

சிங்க மாசம் பிறந்தது. சிகாபுதீன் மச்சான் குடையும் பையுமாக வந்து இறங்கினார். காலைக் கழுவினதும் நேரே சுவரிடம் போனார். காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து கடிகாரத்தையும் தூக்கிப் பார்த்தார். நைனா முகம்மது பின்னாலேயே போய், மச்சான் தூக்கியதையெல்லாம் நேராக்கி மாட்டினார்.

"ஒரு பொட்டுக் கொப்புளம் இல்லையே! பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கு."

"மழையில அடங்கிருச்சு மச்சான். நல்ல பெயின்ட்டுன்னா அப்படித்தான், முதல்ல பளபளக்கும், அப்புறம் அடங்கும்."

"பத்ரு, நீ தோத்துட்டே."

"தோத்துட்டேண்ணே" என்றாள் பத்ருன்னிசா. "இவரு சொன்னதுதான் சரி. எனக்கு என்ன தெரியும்?"

நைனா முகம்மதுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முதுகு நிமிரவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, விஞ்ஞானம் என்ன சொல்கிறது, மூளை என்றால் என்ன, இந்தப் பெண்களுக்கு ஏன் ஒன்றும் புரிவதில்லை என்று மச்சானுக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். மச்சான் கொட்டாவி விட்டுவிட்டுத் தொழப் போனார்.

பத்ருன்னிசா சாயாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பெயின்ட்தான் ஜெயிச்சிருச்சே. அடுக்களைச் சுவருக்கும், உள்ளறை ரெண்டுக்கும் இதையே அடிச்சிருவோம். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். அவரும் நல்ல யோசனைன்னாரு."

"அடிச்சிட்டாப் போச்சு!" என்றார் அவர், இன்னும் ஜெயித்த குரலில். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. சாயாவை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

பத்ருன்னிசா காலி டம்ளருக்காகக் கையை நீட்டியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அடிக்கும்போது மட்டும் பழைய கைலி ஒண்ணைக் கட்டிக்குங்க. ரெண்டு மாசமா உங்க வேட்டிச் சுண்ணாம்பைத் துவைச்சுத் துவைச்சு எனக்குக் கை ஓஞ்சுபோச்சு."