ரகசியம் காக்காத மேடம் மீது வழக்குப் போடக் கோரி

மதிப்பிற்குரிய வக்கீல் பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அம்மா பேசுவதை நிறுத்தவே இல்லை. அங்கே நீங்களும் பெரியம்மாவும் உங்கள் ரத்த அழுத்தமும் சௌக்கியமா? படித்து முடிக்கும்வரை மாத்திரை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் சமூகப் பணியாளர் மேடம் மீது, ரகசியத்தை வெளியே விட்டதற்காக நீங்கள் வழக்குப் போட வேண்டும். மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறை அவருடையது. முதல் நாளே வகுப்புக்கு வந்து, "அங்க சொல்றது அங்கயே இருக்கும்" என்றார். பிறகு "ஆனா" என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். அப்போது நான் முன் பெஞ்சுக்காரியின் பின்னலை அந்தப் பெஞ்சிலேயே கட்டும் முக்கியமான வேலையில் இருந்ததால் காதில் விழவில்லை.

என் பக்கத்தில் உட்காருபவளுக்கு ஆமை என்று பெயர் வைத்தவள் நான்தான். கடைசி மணி அடித்தால் நாங்கள் பறப்போம். அவள் மட்டும் வாட்ச்மேன் வந்து விரட்டும்வரை பென்சில்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்குவாள். அவள் அம்மா, அப்பாவுக்கு வெளியூரில் வேலை, வீட்டில் அண்ணன் மட்டும். ஒருநாள் அவள் கழுத்தில் விரல் தடம் பார்த்து, "என்னடி இது?" என்றேன். "அண்ணன் விளையாட்டுக்கு..." என்று இழுத்தாள். மறுநாள் தானாகவே, "அந்த ரூம்ல சொன்னா வெளிய போகுமா?" என்று கேட்டாள். பாவம், பயப்படுகிறாள், நாமே சோதித்துச் சொல்லிவிடுவோம் என்று கிளம்பினேன்.

ஆசிரியர்கள் அறைச் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவிட்டு, மேடத்திடம் போய் ரகசியமாகச் சொன்னேன். "நீயே போய்ச் சொல்லிடு" என்றார். நானாவது போவதாவது! இடைவேளையில் எல்லோரும் டீயைத் துப்ப, மேடம் மட்டும் மடக்மடக்கென்று குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். தலைமையாசிரியர் குதிகுதியென்று குதித்தும் மூச்சு விடலை, பெரியப்பா!

ஓடிப்போய் ஆமையிடம், "அது பூட்டு போட்ட வாய்டி, கவலையே படாதே" என்றேன். அவள் முகம் இன்னும் தொங்கிப்போனது. சரி, சின்ன ரகசியத்தை நம்ப மாட்டேங்குறா, பெரிசா ஒண்ணு போடுவோம்னு கண்ணில் எச்சில் தடவிக்கொண்டு போய், "அப்பா என்னை பெல்ட்டால அடிக்கிறார் மேடம்" என்றேன். உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர், அவரிடம் பெல்ட்டே கிடையாது. மேடம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இதை நான் என்னோட வச்சுக்க முடியாது கண்ணு. முதல் நாளே சொன்னேனே, குழந்தைக்கு ஆபத்துன்னா அதிகாரிங்ககிட்ட சொல்லணும்னு சட்டம். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்றேன்." சும்மா மிரட்டுறாங்கன்னு தலையாட்டிட்டு வந்தேன். சாயங்காலம் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வாசலில்! அப்பா என் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கேள்வி கேட்கக் கேட்கப் பெட்டியை எடுக்க மறந்து, சட்டை முதுகில் முக்கோண ஓட்டை. "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று நான் நிஜக் கண்ணீரே விட்டும், "பயந்த பிள்ளைங்க அப்படித்தாம்மா மாத்திச் சொல்லும்" என்று ஒருத்தர் என் தலையைத் தடவினார். அப்பா என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே வார்த்தை: "நானா?"

ரகசியம் என்றால் முழுசாக இருக்க வேண்டாமா? 'ஆனா' வைத்த ரகசியம் ஓட்டைக் குடை இல்லையா? சட்டத்தில் உள்ளதிலேயே பெரிய தண்டனையாகப் பார்த்து வாங்கிக்கொடுங்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசியையும் கறுப்புக் கோட்டையும் நம்பியிருக்கும்,

உங்கள் அன்பு மகள்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்று பள்ளியில் ஆமை என்னை மறித்தாள்.

"உங்க வீட்டுக்கு நிஜமாவே ஆள் வந்தாங்களா?"

"வந்தாங்கடி. அந்த மேடத்தை நம்பாதே, சொல்லிடுவாங்க."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்!"

பையை என் கையில் திணித்துவிட்டு நேரே போய் அந்தக் கதவைத் தட்டினாள். நான் வெளியே படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பேரும் இப்போதுதான் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். வழக்கு வேண்டாம், பெரியப்பா. நீங்கள் மட்டும் வாருங்கள். அவள் பக்கம் பேச ஆள் வேண்டும்.