எலினாவின் மலைக்கு ஓர் ஆணி

"ஒரே ஒரு ஆணிதான் ஏட்டி. கல்யாணத்துக்குப் போன வீட்டுக்காரவிய ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வர சாயங்காலம் ஆயிரும்" என்று மெர்வின் சுத்தியலை ஓங்கினான்.

"ஆணி அடிச்சா அன்னைக்கே காலி பண்ணணும்னு சொல்லித்தான வீட்டைக் குடுத்தாக?" என்றாள் அவன் மனைவி எலினா. ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பக்கத்தில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது.

வீட்டுக்காரர் வேதசிரோமணி ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு. வீட்டை நடுவில் ஒரு மெல்லிய சுவரால் பிரித்து, அந்தப் பக்கம் மனைவி ஜெயபாயோடு இருந்தார். இருவருமே கல்யாணத்துக்குப் போய்விட்டதாக மெர்வின் நினைத்திருந்தான்.

எலினா வரைந்த செண்பகத்தோப்பு மலை கட்டிலுக்கடியில் கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. தேக்குச் சட்டம் போட்டு, கனத்துக்குத் தகுந்த நீள ஆணிகளும் வாங்கி வந்திருந்தான். வீட்டைப் பிரிக்கும் அந்தச் சுவரின் நட்டநடுவில் மாட்டிவிட்டு, படம் மாட்டச் சொல்லித்தரும் ஒரு வீடியோவைச் செல்போனில் மறுபடி பார்த்தான்.

"ரூமுக்குள்ள வந்தா கண்ணு போய் நிக்க ஒரு இடம் வேணுமாம். அது நடுவுல இருக்கக் கூடாதாம். தள்ளி மாட்டணும்."

தள்ளி அடித்தான். முதல் ஆணியோ பிடுங்க வரவில்லை. அதை மறைக்க அதில் கண்ணாடியை மாட்டினான்.

"இப்ப ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருக்கே" என்றாள் எலினா.

"சமநிலை போச்சு. அந்தக் கடைசியில கடிகாரத்தை மாட்டிருவோம்."

மூன்றாவது ஆணி அடித்த அதிர்வில், மலைக்குக் கீழே சுவர்ப்பூச்சு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது.

"இந்தா, கண்ணு போய் நிக்க இடம் கிடைச்சுருச்சு" என்றாள் எலினா. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இருவரும் சேர்ந்து பீரோவை இழுத்து அதை மறைத்தார்கள்.

"எல்லாஞ் சரிங்க. என் மலை எங்க?"

"பீரோவுக்குப் பின்னால."

அப்போது கதவு தட்டப்பட்டது. வாசலில் ஜெயபாய்.

"கல்யாணத்துக்குப் போகலையாம்மா?" மெர்வின் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"முட்டு வலி. அவிய மட்டும் போயிருக்காவ. எங்க பக்கம் மூணு ஆணி முனை நீட்டிக்கிட்டு நிக்குது."

"தெரியாம அடிச்சுட்டாகம்மா. காலி பண்ணச் சொல்லிராதீங்க" என்று எலினா அவள் கையைப் பிடித்தாள்.

ஜெயபாய் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தாள்.

"அந்த முனையிலேயே எங்க அப்பா, அம்மா, அண்ணன் மூணு பேரு படத்தையும் மாட்டிட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கே அவிய ஒரு ஆணி அடிக்க விட்டதில்ல, அவிய வந்து கேட்டா எல்லாம் நான் அடிச்சதுன்னு சொல்லிக்கிடுதேன், எங்க சித்தி படத்துக்கும் ஒண்ணு அடிச்சுருங்க தம்பி."